வாசலோடு நின்ற கருவிகள்

கொவிட் தொற்றுக் காலத்துச் செய்தித்தாள் நறுக்குகள் என்னிடம் ஒரு கோப்பு நிறைய உண்டு. பெரும்பாலும் வைத்திய உபகரணத் தட்டுப்பாடு பற்றியவை. எங்கள் உடப்புசல்லாவைக் கடைத்தெருவில் செத்தல் மிளகாயும் பருப்பும் பழைய பத்திரிகையில் சுற்றித் தரும் வழக்கம் இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. கோப்பில் உள்ளவற்றில் பாதி அப்படிக் கைக்கு வந்தவைதான்.

முதலாவது நறுக்கு 2020 மார்ச் 3ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் விடுத்த எச்சரிக்கை. உலகத்துக்கு மாதந்தோறும் 8 கோடி 90 இலட்சம் முகக்கவசங்களும் 7 கோடி 60 இலட்சம் கையுறைகளும் 16 இலட்சம் கண்காப்புக் கண்ணாடிகளும் தேவைப்படும், உற்பத்தியை 40 சதவீதம் கூட்டியாக வேண்டும், முகக்கவசத்தின் விலை ஏற்கனவே ஆறு மடங்காகிவிட்டது என்கிறது அது. அடுத்தது அதே மாதம் நமது நாட்டில் அறிவிக்கப்பட்ட கட்டுப்பாட்டு விலை. சாதாரண முகக்கவசம் 50 ரூபா, என்-95 ரகம் 325 ரூபா. பிறகு 2020 பிற்பகுதியில் முல்லேரியாவில் பீ.சீ.ஆர். இயந்திரம் பழுதடைந்து மாதிரிகள் குவிந்து கிடந்த செய்தி. டிசம்பரில் கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணிக்காகச் சனம் முண்டியடித்த படம். சுகாதார அமைச்சரே அந்தப் பாணியை அருந்திக் காட்டினார். 2021 ஓகஸ்டில் ஒட்சிசன். இந்தியக் கடற்படையின் 'சக்தி' என்ற கப்பல் 100 தொன் திரவ ஒட்சிசனுடன் அம்மாதம் 22ஆம் திகதி கொழும்புக்கு வந்தது. நமது கடற்படையிடமும் அதே பெயரில் ஒரு கப்பல் உண்டு. அது சென்னைத் துறைமுகத்திலிருந்து 40 தொன் ஏற்றி வந்தது.

இவையெல்லாம் இன்று பழைய செய்திகள். முகக்கவசம் மருந்துக் கடையில் தூசி படிந்து கிடக்கிறது. ஆனால் நாளை இந்தக் காலத்தின் வரலாற்றை எழுத வருகிறவர் இந்த நறுக்குகளைத்தான் முதலில் எடுப்பார். அதுதான் என்னை உறுத்துகிறது. இருந்த பொருள் போதாமற் போவதைத்தான் 'தட்டுப்பாடு' என்கிறோம். ஒருபோதும் இருந்திராத பொருளுக்குத் தட்டுப்பாடு ஏது? கோப்பு முழுவதையும் இரண்டு தடவை புரட்டிப் பார்த்தும், தோட்டத்து லயத்தில் என்ன இல்லாமல் இருந்தது என்று பேசும் ஒரு நறுக்கும் எனக்கு அகப்படவில்லை. அங்கே இல்லாதவை 2020இல் இல்லாமற் போனவை அல்லவே. ஆகவே அவை செய்தியாகவில்லை.

உடப்புசல்லாவையைப் பற்றி வெளியூரார் அறிந்தது அதன் தேயிலையை. நாட்டின் ஏழு தேயிலைப் பிரதேசங்களில் ஒன்றின் பெயரே இதுதான். ஒரு காலத்தில் 'உடப்புசல்லாவை இரயில் பாதை' என்றும் ஒன்று இருந்தது. இரண்டரை அடி அகலமுள்ள ஒடுங்கிய தண்டவாளம். நானுஓயாவிலிருந்து புறப்பட்டு 1903இல் நுவரெலியாவுக்கும் 1904இல் இராகலைக்கும் வந்தது. அதோடு சரி. பெயரில் இருந்த ஊருக்கு அது வரவேயில்லை. தேயிலைப் பெட்டி கீழே போகவும் அரிசி மேலே வரவும் இராகலை போதும் என்று கண்டார்கள். 1940இல் பயணிகள் சேவை நின்றது. 1948இல் பாதையே மூடப்பட்டது. எங்கள் ஊருக்கு வரவேண்டிய பல பொருட்கள் பெயரளவில் வந்து, வழியில் எங்கோ ஓரிடத்தில் நின்றுபோன வரலாற்றுக்கு இந்தப் பாதையை ஓர் அடையாளமாகவே சொல்லலாம். வைத்தியமும் அப்படி நின்றுபோன ஒன்றுதான்.

அக்கதை கோப்பிக் காலத்தில் தொடங்குகிறது. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்து வந்தவர்கள் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழிநெடுகச் செத்தார்கள். தோட்டம் சேர்ந்தவர்களும் தொடர்ந்து செத்தார்கள். 1872இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. தோட்டப் பகுதிகளை வைத்திய மாவட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்திய அதிகாரியை நியமித்து, செலவில் ஒரு பங்கைத் துரைமார் ஏற்பதென்பது ஏற்பாடு. பணம் கொடுக்கும் நேரம் வந்ததும் துரைமார் முறுமுறுத்தனர். கோப்பி இலையில் 1869இல் தென்பட்ட பூஞ்சண நோய் சில ஆண்டுகளில் அவர்களது வருமானத்தையே தின்றுவிட்டதால் முறுமுறுப்புக்கு நல்லதொரு காரணமும் கிடைத்தது. 1912இல் 9ஆம், 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டங்கள் வந்தன. லயத்தைச் சுத்தமாக வைத்திருப்பது, யார் நோயுற்றிருக்கிறார் என்று அறிந்திருப்பது, நோய் கண்டால் மாவட்ட வைத்திய அதிகாரிக்கு அறிவிப்பது ஆகியவை துரையின் கடமைகளாக எழுதப்பட்டன.

காகிதத்தில் இது சிறிய காரியமல்ல. அக்காலத்தில் நாட்டுப்புறத்துக் கிராமவாசிக்கு இப்படியொரு சட்டமே இருக்கவில்லை. ஆனால் இந்தச் சட்டங்களின் உள்ளே ஒரு முடிச்சு இருந்தது. நோயாளிக்கும் வைத்தியத்துக்கும் இடையில் தோட்ட நிருவாகம் நின்றது. யார் நோயாளி, யார் வேலைக் கள்ளன் என்பதை முதலில் தீர்மானித்தவர் வைத்தியரல்லர், துரைதான். இந்த முடிச்சு ஒன்றரை நூற்றாண்டாகியும் முழுதாக அவிழவில்லை என்பது என் எண்ணம்.

அதேவேளை, அந்த ஆட்சியிடம் கருவிகளே இல்லை என்று சொன்னால் அது பொய். கருவிகள் இருந்தன. மண்டபத்தில் இருந்தன.

இலங்கைக்கு வரும் தொழிலாளர் முதலில் தூத்துக்குடிக்கு அருகில் தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபம் முகாமிலும் தடுத்து வைக்கப்பட்டனர். அங்கே குளிக்க வைத்தார்கள். உடுதுணியை வாங்கி நீராவியில் அவித்துக் கிருமி நீக்கினார்கள். அம்மைப்பால் குத்தினார்கள். சில நாட்கள் வைத்திருந்து பார்த்து, நோயில்லை என்று கண்டபின் தலைமன்னார்க் கப்பலில் ஏற்றினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொருவர் கழுத்திலும் தோட்டத்தின் இலக்கம் பொறித்த ஒரு தகரத் துண்டும் தொங்கியது. 'டின் டிக்கட்' என்று பெயர். ஆளுக்கு ஒன்று வீதம் தட்டுப்பாடில்லாமல் கிடைத்த ஒரே பொருள் அதுவாகத்தான் இருக்கும். ஆக, பணமும் இருந்தது, நீராவி இயந்திரமும் இருந்தது, வைத்தியரும் இருந்தார். எல்லாம் வாசலில் இருந்தன. வெளியிலிருந்து நோய் உள்ளே வந்து கொழும்பையும் தோட்டத்தையும் முடக்கிவிடக் கூடாதென்ற கவலைக்காக அமைந்த கருவிகள் அவை. உள்ளே வந்துவிட்டவனுக்கு லயத்தில் காய்ச்சல் கண்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்த அளவு இரும்பும் பணமும் செலவாகவில்லை. (இதே மண்டபம் முகாம்தான் பல பத்தாண்டுகளின் பின் நமது நாட்டுப் போரில் ஓடிய தமிழர்களுக்கு அகதி முகாமாயிற்று. ஒரே வாசல், போக்கின் திசை மட்டும் மாறியது.)

வாசற் கருவிகளின் பெறுமதி 1918இல் தெரிந்தது. வாந்திபேதிக்காகவும் அம்மைக்காகவும் கட்டிய காவல், மூச்சில் பரவிய இன்புளுவென்சாவை நிறுத்தவில்லை. அது கொழும்புத் துறைமுகத்துக்கும் கப்பலேறி வந்தது. இலங்கையில் அந்தக் காய்ச்சலைப் பற்றி 2014இல் சித்தார்த் சந்திரா, டில்ஷானி சரத்சந்திரா ஆகிய இருவரும் விரிவான ஆய்வொன்றை வெளியிட்டனர். நோய் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் உச்சம் காணவில்லை என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. வடக்குப் பிரதேசங்களில் 1918 ஒக்டோபர் தொடக்கத்திலும் தெற்கில் 1919 மார்ச் தொடக்கத்திலும் மரணங்கள் உச்சத்தை எட்டின. நோய் ஒன்றுக்கு மேற்பட்ட வழியாகத் தீவுக்குள் நுழைந்தது என்பதற்கு இது அறிகுறி என்கிறார்கள்.

அவர்களது இன்னொரு முடிவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1891 முதல் 1931 வரையான ஐந்து குடிசன மதிப்புகளை ஒப்பிட்டு, அந்தக் காய்ச்சலால் நாடு ஏறத்தாழ 307,000 பேரை இழந்தது என்று கணக்கிட்டனர். அன்றைய சனத்தொகையில் 6.7 சதவீதம். முன்னைய மதிப்பீடுகளை விட இது மிக அதிகம். வித்தியாசத்துக்குக் காரணம் என்ன? பதிவேட்டில் இன்புளுவென்சா என்று எழுதப்படாமற்போன மரணங்கள் ஒரு பக்கம். பிறந்திருக்க வேண்டியும் பிறக்காமற்போன குழந்தைகள் மறுபக்கம். பார்க்க வைத்தியர் இல்லாத இடத்தில் ஒருவர் இறந்தால் அது வெறும் 'காய்ச்சல்' என்றே பதிவாகும். கருவியும் வைத்தியரும் இல்லாவிட்டால் நோயாளி மட்டும் சாவதில்லை, அவன் எதனால் செத்தான் என்ற தகவலும் அவனோடு போய்விடுகிறது. அதைத் திரும்பக் கண்டெடுக்கத் தொண்ணூற்றாறு ஆண்டுகள் பிடித்தன. அதுவும் மரணப் பதிவைக் கொண்டல்ல, குடிசன மதிப்பில் ஆட்கள் குறைந்திருந்ததைக் கொண்டு.

இதே காலப்பகுதியில் கொக்கிப்புழு ஒழிப்பு நடந்தது. அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிதியத்தார் 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் வேலையைத் தொடங்கினர். தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையோர் குடலில் அந்தப் புழு இருந்தது. மருந்து இருந்தது, கொடுத்தால் புழு விழுந்தது. சில மாதத்தில் மறுபடி ஏறியது. வெறுங்காலோடு நடக்கும் மண்ணில் புழுவின் குஞ்சு இருக்கும்வரை மருந்தால் பயனில்லை. தேவைப்பட்ட 'உபகரணம்' மலசலகூடம். அதைக் கட்டும் செலவைப் பற்றித்தான் துரைமாரோடு நெடுநாள் வாதாட வேண்டியிருந்தது. வைத்திய உபகரணப் பட்டியலில் மலசலகூடத்தை யாரும் சேர்ப்பதில்லை. சேர்த்திருந்தால் எங்கள் பகுதியின் தட்டுப்பாட்டுக் கதை வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

பிறகு வந்தவற்றை வேகமாகவே கடக்கலாம், வாசகர்களுக்குத் தெரிந்தவைதான். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. நாடு இலவச வைத்தியத்தைப் பற்றிப் பெருமை பேசிய பத்தாண்டுகளிலும் தோட்டச் சுகாதாரம் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே கிடந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளில் காணிகள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கும் பேச்சு 1990களில் தொடங்கி, சில எடுக்கப்பட்டு, பல எடுக்கப்படாமல் நின்றன. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டிய 150 கட்டில் வைத்தியசாலையை 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் மோடி திறந்து வைத்தார். நல்ல காரியம். ஆனால் டிக்கோயா இருப்பது மலையின் அந்தப் பக்கம். எங்கள் பக்கத்து மனிதருக்கு இராகலை, கந்தப்பளை தாண்டி நுவரெலியாதான் பெரிய ஆஸ்பத்திரி. லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு வருவதே முதற் பயணம். முன்னர் கம்பளியில் தூளி கட்டித் தடியில் சுமந்து வந்தார்கள். பின்னர் கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். கொழுந்து லொறியில் பிறந்த பிள்ளைகள் மலைநாட்டில் எத்தனையோ பேர்.

இந்தப் பின்னணியில்தான் 2020 மார்ச்சை நான் பார்க்கிறேன். 20ஆம் திகதி மாலை ஊரடங்குச் சட்டம் வந்தது. கடைத்தெரு மூடியது. தோட்டம் மூடவில்லை. பெருந்தோட்ட வேலைக்கு விதிவிலக்கு. சிலநாளில் பெரட்டுக்களத்துக்கும் தொழிற்சாலை வாசலுக்கும் நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானித் துப்பாக்கி வந்து சேர்ந்தது. காலையில் வரிசையாக நின்று நெற்றியைக் காட்டிவிட்டு மலைக்கு ஏறினார்கள். மண்டபத்தை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இராது. காய்ச்சல் இருந்தால் வேலையில்லை, லயத்துக்குத் திரும்பு. லயத்தில் என்ன இருந்தது? பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற பழைய அளவில் ஒரு காம்பரா. நூற்றிருபது சதுர அடி. ஆறு பேர் உள்ள குடும்பத்தில் தலைக்கு இருபது. ஒரு மீற்றர் இடைவெளி விடும்படி வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. கையை அடிக்கடி கழுவச் சொன்னது. நாலைந்து லயத்துக்கு ஒரு பீலி. அப்போது கொழுந்து பறிப்பவரின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. என்-95 ஒன்றின் கட்டுப்பாட்டு விலை அதில் பாதியைத் தொட்டது.

கையுறையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். உலகம் கையுறைக்குத் தவித்த அந்த மாதங்களில் இறப்பர்க் கையுறை ஏற்றுமதி செய்யும் நாடுகளில் இலங்கையும் ஒன்றாக இருந்தது. ஆடைத் தொழிற்சாலைகள் பாதுகாப்பு அங்கி தைத்து அனுப்பின. கேகாலை, களுத்துறைப் பக்கத்து இறப்பர் மரத்தில் பால் வெட்டியவரும் தோட்டத் தொழிலாளிதான்.

2021இன் நடுப்பகுதியில் மரணங்கள் ஏறின. ஓகஸ்டில் நாளொன்றுக்கு இருநூறைத் தாண்டின. கப்பலில் ஒட்சிசன் வந்தது அப்போதுதான். எங்கள் கடைத்தெருவில் நாலைந்து பேர் சேர்ந்து விரலில் மாட்டி ஒட்சிசன் அளவு பார்க்கும் சிறு கருவி ஒன்றை வாங்கினோம். அது கடையிலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து லயத்துக்கும் கைமாறிச் சென்றது. மலையில் ஓகஸ்ட் குளிர். குளிர்ந்த விரலில் இரத்த ஓட்டம் குறைவு, கருவி இலக்கம் காட்டாது, காட்டினாலும் தவறாகக் காட்டும். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்ட வேண்டும். இதை நாங்களாகப் பழகிக்கொண்டோம். நாங்கள் அறியாதிருந்த இன்னொன்று உண்டு. இந்தக் கருவி தோலினூடே ஒளியைச் செலுத்தி அளக்கிறது. கறுத்த தோலில் அது உண்மையை விட உயர்வாகக் காட்டக்கூடும். அமெரிக்க வைத்தியசாலைகளின் பதிவுகளைக் கொண்டு 2020 டிசம்பரில் வெளியான ஆய்வொன்று, இரத்தத்தில் ஒட்சிசன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி 'பரவாயில்லை' என்று காட்டியது கறுப்பின நோயாளரிடத்தில் வெள்ளையரை விட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று கண்டது. வெயிலில் கறுத்த விரலுக்கு 94 என்று அது காட்டியபோது, 'பயமில்லை, படுங்கள்' என்று சொல்லித் திரும்பி வந்த வீடுகளை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். கருவி ஒருவாறு லயத்துக்குள் வந்த ஒரேயொரு தடவையிலும், அது வேறு மனிதரின் தோலுக்கு அளவு பார்த்துச் செய்யப்பட்டதாக இருந்தது.

நமது சமூகத்தார் இந்தப் பக்கங்களில் எதிர்பார்க்கும் ஒரு விடயத்தையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிவாசலின் மூலையில் சாத்தியிருக்கும் சந்தூக்கும் ஒரு கருவிதான், நோயாளிக்குரியதல்ல என்பது மட்டுமே வித்தியாசம். 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானிக்குப் பின் அதற்கு வேலையில்லாமற் போனது. உலக சுகாதார நிறுவனம் அடக்கத்துக்கு அனுமதி சொல்லியிருந்தும் இங்கே எரிப்பது கட்டாயமாயிற்று. 276 முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்டன. பிறந்து இருபது நாளான பிள்ளையொன்றும் அதில் அடக்கம். 2021 பெப்ரவரி 25இல் தடை நீங்கி, மார்ச் 5இல் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. மலையிலிருந்து ஓட்டமாவடிக்கு ஒரு ஜனாஸாவை அனுப்புவதென்றால் நாட்டின் கிழக்குக் கரைக்கே அனுப்புவதாகும். நோயாளியாக இருந்தபோது நுவரெலியா போகக் கிடைக்காத வாகனம், மரணித்த பின் மட்டக்களப்பு மாவட்டம் வரை போகக் கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. கட்டாய எரிப்பு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தமிழிலும் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. எழுதப்பட வேண்டியதும்தான். ஆனால் நமக்கு நேர்ந்ததை எழுதியவர்களில் மிகச் சிலரே, கடைக்கு எதிரே மலைமேல் தெரியும் லயத்தில் அதே நாட்களில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். நானும் அந்தக் கடைத்தெருவைச் சேர்ந்தவன் என்பதால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

கோப்பின் கடைசி நறுக்கு தொற்றுக் காலத்தைச் சேர்ந்ததேயல்ல. 2022 மார்ச் இறுதி. மருந்தில்லாமையால் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் முன்கூட்டியே திகதியிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டதைக் கேட்டு, அப்போது கொழும்பிலிருந்த இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் உதவும்படி தமது தூதுவருக்குச் சொன்ன செய்தி. உலகத்தின் முகக்கவசக் கவலை தீர்ந்து, கப்பல்கள் திரும்பிப் போய், 'தட்டுப்பாடு' என்ற சொல்லே சலித்துப்போன பிறகுதான் நமது நாட்டின் பெரிய தட்டுப்பாடு தொடங்கியது.

தோட்டங்களின் பக்கத்தை எழுத நறுக்குகள் போதாது. எழுதக்கூடிய வேறு ஆவணம் ஒன்று உண்டு. ஒவ்வொரு தோட்டத்து மருந்துச் சாலையிலும் 'டொக்டர் ஐயா' என்று சனம் அழைக்கும் வைத்திய உதவியாளரின் மேசையில் ஒரு கொப்பி கிடக்கும். யார் வந்தார், என்ன வருத்தம், என்ன கொடுத்தது, எங்கே அனுப்பியது, எந்த வாகனத்தில் என்று நாள்வாரியாகக் குறித்திருப்பார்கள். 2020, 2021ஆம் ஆண்டுக் கொப்பிகள் இன்னும் அலுமாரிகளில் இருக்கலாம். பழையவை முற்றத்தில் எரிக்கப்பட்டதை நான் கண்டிருக்கிறேன். இராகலை, ஹல்கரனோயா, கந்தப்பளைப் பக்கம் படிப்பிக்கும் ஆசிரியர்களும் தோட்டக் காரியாலயங்களில் வேலை செய்யும் இளைஞர்களும் இந்தச் சஞ்சிகையை வாசிக்கிறீர்கள். உங்கள் தோட்டத்து மருந்துச் சாலையில் அந்த இரண்டு வருடக் கொப்பி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கைத்தொலைபேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுக்க ஒரு பின்னேரம் போதும். நோயாளரின் பெயர்களை மறைத்துவிடலாம், திகதியும் வருத்தமும் வாகனமும் இருந்தால் சரி.